போஞ்சிக்குப் போட்ட சண்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாத்தளை ஆஸ்பத்திரியில் தாதியாக, ஊர் வாயில் 'மிஸ்ஸி'யாக வேலை பார்த்த காலம் முழுக்க எல்லோரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். மாத்தளைச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனாலோ கேட்கவே வேண்டாம். இப்போது ஓய்வு பெற்று மகளோடு கண்டியில் இருக்கிறேன். இங்கே கடையில் விலையை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். பேசாமல் எடுத்து, பேசாமல் காசு கொடுத்து, பேசாமல் வர வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை வந்தால் மனம் அந்தச் சந்தைக்கே ஓடுகிறது. மழையில் நனைந்த சாக்கு மணம், எல்கடுவ மலைப் பக்கமிருந்து வந்து இறங்கும் கோவா என்கிற முட்டைக்கோஸ், தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கூவுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக, போஞ்சி என்கிற பீன்ஸ் விற்ற அந்தப் போஞ்சிக்காரர்.

அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் விற்றது போஞ்சிதானா என்பதைக்கூட உறுதியாகச் சொல்லப் போவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து கடை போட்டவர், என்னைவிட இளையவர் என்பது போதும். நாங்கள் பேரம் பேசத் தொடங்கினால் பக்கத்துக் கடைக்காரர்கள் தராசை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஒங்க போஞ்சிய வெறகாத்தான் எரிக்கணும் தம்பி" என்பேன்.

"நீங்க கேக்குற வெலைக்கு நீங்களே தோட்டம் போட்டுக்குங்க மிஸ்ஸி" என்பார். கடைசியில் ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா போட்டு அனுப்புவார்.

அப்படிப்பட்டவர் விடாத காய்ச்சலோடு எங்கள் வார்டில் வந்து படுத்தார். பாதி உடம்பாகியிருந்தார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எச்.ஐ.வி. வார்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்தில் சுகம் விசாரிப்பார்கள். அதனால் காயத்துக்கு மருந்து கட்டும் அறையைக் காலி செய்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அவரிடம் பேசினோம். டாக்டர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். போஞ்சிக்காரருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அன்றைக்கு ஒன்றும் ஏறவில்லை. டாக்டர் போன பிறகு நான் தமிழில் முதலிலிருந்து சொன்னேன். மருந்து இருக்கிறது, நாள் தவறாமல் போட வேண்டும், போட்டால் நோய் அடங்கிக் கிடக்கும், நீண்ட காலம் வாழலாம், தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ யாருக்கும் தொற்றாது.

சாவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா என் கையால யாரு மிஸ்ஸி மரக்கறி வாங்குவா?"

"என் வாயால ஒருத்தருக்கும் தெரிய வராது" என்றேன். "ஒங்க சம்சாரத்துக்கு மட்டும் நீங்களே சொல்லணும். அவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும். தனியா சொல்ல ஏலாட்டி நான் பக்கத்துல இருக்கேன்."

சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் மனைவி திட்டித் தீர்த்தார், அழுதார், தனக்குத் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் அழுதார். பிறகு மாத்திரைப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

வார்டில் சிற்றூழியர் ஒருவர் அவர் சாப்பிடும் பீங்கான் தட்டைத் தனியாக வைக்கப் போனபோது எனக்கு வந்ததே கோபம்! தனிப் பீங்கானைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் ஏன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்று பிடித்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியேதான் அவருக்கும் நடந்தது.

வீட்டுக்குப் போகிற நாளில், இந்த நோயாளிகள் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன்.

"வெளிய எங்கயாச்சும் கண்டா ஒங்களத் தெரியாத மாதிரி போயிருவேன். தப்பா எடுக்காதீங்க."

அத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ மிஸ்ஸி, கெடுத்தீங்க! நீங்க சண்ட போடாம போனா, மிஸ்ஸிக்கு இவனப் பத்தி என்னமோ தெரிஞ்சிருக்குன்னு அன்னைக்கே சந்தையெல்லாம் பேசுவாங்க. வழம போல சண்ட போடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். அவர் மறுபடி கடை போட்ட முதல் சனிக்கிழமை, தோளில் தொங்கிய சட்டையைப் பார்த்ததும் விலையே கேட்காமல் போஞ்சியைப் பொறுக்கத் தொடங்கிவிட்டேன். "என்ன மிஸ்ஸி, இன்னைக்கு வாய்க்குப் பூட்டா?" என்று அவரே தொடங்கி வைத்தார். பிறகு விட்டேனா? மாதங்கள் போகப் போக உடம்பு தேறியது, குரலும் ஏறியது. அந்தக் குரலைக் கேட்கவே தேவையில்லாத போஞ்சியெல்லாம் வாங்கியிருக்கிறேன். மாத்திரை போட்டீர்களா என்று சந்தையில் வைத்து நான் கண்ணால்கூடக் கேட்டதில்லை.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. ஒரு சனிக்கிழமை போனபோது அவர் கடைக்கு முன்னால் மட்டும் ஆளில்லை. போஞ்சி குவித்தபடியே கிடந்தது. மனைவி தலையைக் குனிந்து கீரை கட்டிக்கொண்டிருந்தார். அவர் மாத்திரை எடுக்கப் போகும் எச்.ஐ.வி. கிளினிக் வாசலில் யாரோ கண்டுவிட்டு வந்து பேசியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இருந்த ஒரு அம்மா என்னைக் கண்டதும், அவருக்கும் கேட்கும்படியே கேட்டார்.

"மிஸ்ஸி, ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. இவருக்கு என்ன வருத்தம்? இவருகிட்ட வாங்கலாமா?"

சுற்றியிருந்த அத்தனை காதும் என் பக்கம் திரும்பியது. சொல்ல முடியாது என்றால் அதுவே பதிலாகிவிடும். ஒன்றுமில்லை என்றால் அது பொய், அதோடு நாளைக்கு வேறொருவரைப் பற்றிக் கேட்டு நான் வாய் மூடினால் அவர் அகப்பட்டுக்கொள்வார். வந்த கோபத்தை அடக்காமல் விட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு நீங்களும்தான் வர்றீங்க. ஒங்க நோய் வருத்தத்த இந்தச் சந்தையில யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கேனா? யாரோடதும் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. நான் திரும்பி, குவியலில் ஒரு போஞ்சியை எடுத்து உடைத்து, எல்லோரும் பார்க்கப் பச்சையாகவே மென்றேன். "தம்பி, இந்த முத்தல எவன் வாங்குவான்? வெலையக் கொறைங்க!"

அவர் கண் கலங்கியிருந்தது. "எடுத்துக்கிட்டு போங்க மிஸ்ஸி, காசு வேணாம்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படிச் சுருண்டு போனால் அவரே ஊருக்கு ஒப்புக்கொண்டது மாதிரிதான். "யாருக்குப் பிச்ச போடுறீங்க? வெலயச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் போஞ்சியை அள்ளி என் பையில் போடப் பார்த்தார்.

மனைவி எழும்பினார். கீரைக் கட்டைப் போட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"முத்தலா? கண்ணு தெரியலன்னா கண்ணாடிய மாத்துங்க மிஸ்ஸி! எங்க வீட்டுக்காரரு விடியவே போயி பாத்துப் பாத்து எடுத்த காயி. ஒரு சதமும் கொறைக்க மாட்டோம். வேணும்னா எடுங்க, இல்லாட்டி வழிய விடுங்க!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். புடவைக் கடை முஸ்லிம் நானா ஒருவர் முன்னால் வந்து, "எனக்கும் அரைக் கிலோ போடுங்க தம்பி" என்று பையை நீட்டினார். அந்த அம்மா வாங்காமல்தான் போனார். போஞ்சிக்காரர் தராசைத் தூக்கினார். அரைக் கிலோ நிறுத்து நானாவின் பையில் கொட்டினார்.

கேட்ட விலையை ஒரு சதம் குறையாமல் கொடுத்தேன். வாழ்க்கையிலேயே பேரத்தில் தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.