முட்டை தேர்ந்தெடுத்த டயர்

ஊத்துக்கோட்டை ஹனீப் பாய் முட்டை சாப்பிடமாட்டார். ஆனால் ஒன்றுகூட உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவருக்கு இருந்த வெறி லேசுப்பட்டதல்ல. பதினோரு வருடமாகக் குன்றின்மேல் இருக்கும் கல்குவாரி கேன்டீனுக்குத் தினமும் நூற்றைம்பது முட்டைகளை, கூடையில் வைக்கோல் பரப்பி, சைக்கிளில் ஏற்றிப்போனவர். 2006இல் லாரிகள் அந்தப் பாதையைக் குதறிப்போட்டுவிட்டன. பாறைதான் மிச்சம். மூன்றே நாளில் நாற்பது முட்டை காலி.

கேன்டீன் சமையல்காரி குணசுந்தரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வைக்கோல்ல ஒழுகுனத இன்னா பாய், புழிஞ்சா எடுக்கறது? நாளைக்கி ஒண்ணு ஒடைஞ்சி வந்தாலும் முட்டை வேன்காரன்கிட்ட வாங்கிக்குவேன்."

குவாரி போனால் பாயின் பிழைப்பே போச்சு. அதைவிட, வேன்காரனிடம் தோற்பதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது. நேராகப் பாக்கியநாதனின் சைக்கிள் கடைக்குப் போனார்.

பாக்கியநாதன் மலைச் சைக்கிள் டயர்கள் மூன்றை எடுத்துப்போட்டுப் பாடம் நடத்தினான். "டயர் மேல இருக்கற பட்டன் பெருசா, தள்ளித் தள்ளி இருக்கணும் பாய். அப்பதான் கல்ல கவ்வும். பக்கவாட்டு ரப்பரு தடியா இருக்கணும், இல்லாட்டி பாறை கிழிச்சிரும்."

"நீ சொல்லாத. முட்டை சொல்லட்டும்" என்றார் பாய்.

சட்டைப் பையில் ஒரு முட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொட்டிக்கிடந்த கருங்கல் குவியலில் சைக்கிளை ஏற்றினார். முதல் டயர் வழுக்கியது. முட்டை போச்சு. இரண்டாவது டயர் பக்கவாட்டில் கிழிந்தது. அந்த முட்டையும் போச்சு. மூன்றாவது டயர் கல்லை நன்றாகவே கவ்வியது. ஆனால் பாயைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மஞ்சள் கரு கைலிவரை வழிந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்கள் முடிவு தெரியாமல் வண்டியை எடுக்கவிடவில்லை.

"காத்த கல்லாட்டம் அடின்னு நீதான பாய் சொன்ன? குதிக்காம இன்னா பண்ணும்?" என்று பாக்கியநாதன் எரிச்சலோடு காற்றைக் கொஞ்சம் இறக்கினான்.

நான்காவது முட்டையோடு பாய் குவியலில் ஏறி இறங்கினார். பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். முழு முட்டை! ஆட்டோவிலிருந்து விசில் பறந்தது.

மறுநாள் கூடையில் நூற்று நாற்பத்தொன்பது, ராசிக்காகச் சட்டைப் பையில் அந்தச் சோதனை முட்டை. நூற்றைம்பதும் முழுசாகக் குன்றேறின. குணசுந்தரி கூடையைக் கிளறிப் பார்த்தாள். ஒரு விரிசல்கூட இல்லை.

"பரவால்ல பாய், இனிமேலும் நீயே எடுத்துனு வா."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குள் அவள் ஒரு அண்டாவை இழுத்துப்போட்டு, இரண்டு கையாலும் முட்டைகளை உடைத்து ஊற்ற ஆரம்பித்தாள். இத்தனை வருடமும் கூடையை இறக்கியதும் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு அவற்றுக்கு என்ன கதி என்று பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா பண்ற?"

"பொடிமாசு. தெனமும் அதான?" குணசுந்தரி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு பண்ணு பாய். நாளைலருந்து ஊட்லயே ஒடைச்சி கேன்ல ஊத்தி எடுத்தாந்துரு. எனக்கு வேலை மிச்சம்."

பாய் டயரைப் பார்த்தார்.

"எண்ணிக்கினேதான் ஒடைச்சேன். ஒண்ணு கொறையுதே?" என்றாள் அவள்.

பாய் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அது வழியில ஒடைஞ்சிபோச்சி" என்றார்.