கமலாவதியின் குறூப்

கொக்குவில் கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட முதல் ஆளாகப் போய் உட்காருபவள் குணலட்சுமி. கடைசியாக எழுந்திருப்பவளும் அவள்தான். அப்படிப்பட்டவளை, அடுத்த வளவுக் கமலாவதி தங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்களுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குறூப்பில் சேர்க்கவில்லை.

குறூப் என்ற அந்தச் சொல் அவளுக்கு நல்லதாக வாய்த்ததில்லை. இளவயதில், ஊரில் இயக்கங்கள் மலிந்திருந்த காலத்தில், யாராவது வந்து, "உங்கடை மகன் எந்தக் குறூப்?" என்று கேட்டால் அம்மாவின் முகம் வெளிறிவிடும். பிறகு மோட்டார் சைக்கிளில் வாளோடு திரிந்த பெடியளையும் குறூப் என்றார்கள். இப்போதோ மதிலுக்கு அப்பால் கமலாவதியின் போன் கிணுங்கும் ஒவ்வொரு முறையும் குணலட்சுமி கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"முந்தி குறூப் எண்டால் ஓடி ஒளிச்சனாங்கள். நீ உள்ளுக்குப் போகத் துடிக்கிறாய்," என்று கணவர் பரமலிங்கம் சிரித்தார்.

"ஆர் துடிக்கிறது? கூப்பிட்டாலும் போகமாட்டன்."

தேர்த் திருவிழாவுக்கு முதல் வாரம் தையல்காரி பெர்னடெட் வீட்டில், மாம்பழ மஞ்சளில் ஊதாக் கரை வைத்த சீலைச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

"உது கமலாவதி ஆக்களின்ரை. எல்லாருக்கும் ஒரே சீலையாம்," என்றாள் பெர்னடெட்.

குணலட்சுமி நிறத்தையும் கரையையும் மனதில் குறித்துக்கொண்டாள். யாழ்ப்பாணம் போய் அதே சீலையை எடுத்தாள். பெர்னடெட்டுக்குத் தெரியக்கூடாதென்று மானிப்பாய்க்கு பஸ் ஏறிச் சட்டை தைப்பித்தாள்.

தேரன்று வடத்தருகே மஞ்சளாக நின்றாள். கமலாவதியும் ஆட்களும் பச்சையில் வந்தார்கள்.

"லட்சுமியக்கா, மஞ்சள் நாளைக்கெல்லோ, தீர்த்தத்துக்கு!" என்றாள் கமலாவதி.

"உளவு பிழைச்சுப் போச்சுது," என்றாள் பின்னால் நின்ற கீர்த்திகா. எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன உளவு? இது மகள் கனடாவிலையிருந்து அனுப்பினது."

"சரியக்கா, சரி. போனைத் தாங்கோவன், உங்களையும் சேர்த்துவிடுறன்," என்றாள் கமலாவதி.

"நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றபடியே குணலட்சுமி போனை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சீலையைக் கொடியில் காற்றாட விரித்தாள்.

"நாளைக்கும் உதுதானோ?" என்றார் பரமலிங்கம்.

"ஓம். உங்களுக்கென்ன?"

கால் நீட்டி உட்கார்ந்து போனைத் திறந்தாள். அவளைச் சேர்த்துவிட்ட குறூப்பில் கமலாவதி எழுதியிருந்தாள்: 'இண்டையான் படமெல்லாம் மற்றக் குறூப்பிலை போட்டிருக்கிறன், பாருங்கோ.' அதன் கீழே வரிசையாகப் பெருவிரல்கள்.

குணலட்சுமி அதைத் திரும்பவும் வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டாள். "மற்றக் குறூப் எண்டால் எது?"