எங்கள் வீட்டில் பி.ஜி. இல்லை

எங்கள் காம்பவுண்டில் நாலு வீடு, ஒரு சம்ப். பெங்களூர் காக்ஸ் டவுனில் பழைய பங்களா ஒன்றை இடித்துவிட்டு நாலாகக் கட்டியது. தரைக்கடியில் இருக்கும் அந்த ஒரே தொட்டியில்தான் குழாய்த் தண்ணீரும் விழும், டேங்கர் தண்ணீரும் விழும். அதிலிருந்து அவரவர் மோட்டர் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். மழை பெய்த வருஷங்களில் யார் எவ்வளவு இழுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் கேட்டார்கள்.

போர்வெல் காற்றைத் துப்பியது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, பிறகு அதுவும் சரியாக வரவில்லை. குடிநீரில் கார் கழுவக் கூடாது, தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, மீறினால் அபராதம் என்று அரசாங்கம் சொன்னது. நியாயம்தான். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் காரும் இல்லை, தோட்டமும் இல்லை.

ஆனால் எங்கள் காம்பவுண்டுக்கு அரசாங்கத்தின் சட்டம் போதவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்டு பேங்க்காரர். அவரை யாரும் செக்ரெட்டரி ஆக்கவில்லை, அவரே ஆகிக்கொண்டார். நாலு வீட்டுக்காரர்களையும் சம்ப் மூடியைச் சுற்றி நிற்கவைத்து விதி போட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் மோட்டர் நேரம் அளவு. துணி துவைப்பது வாரத்தில் இரண்டு தடவை. ஷவர் கிடையாது, பக்கெட் குளியல்.

"எல்லாருக்கும் ஓகேதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு ஓகே இல்லை. சொல்ல முடியவில்லை. சொன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். இந்தத் தெருவில் பாதிப் பேர் சின்ன வயதில் அவர் சத்தத்துக்கு ஓடியவர்கள். ரிட்டயரான பிறகும் காலையில் வெள்ளை ஷூ போட்டு நெஞ்சை நிமிர்த்தித் தெருவைச் சுற்றி வருவார். அந்தக் கோடைக்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயத்தில் சந்தாபுராவில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் ஸ்ட்ரோக் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது. மூத்திரமும் மலமும் அவர் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனது.

மருமகள் நல்ல பெண். அவள் துடைக்க வந்தபோது அவர் நல்ல கையால் தட்டிவிட்டு அழுதார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. யாருக்கும் தெரியக் கூடாது," என்றார். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு காபி ஆறுகிற நேரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மகன் காரில் கொண்டுவந்து பின்னறையில் படுக்கவைத்தோம். மாஸ்டர் எங்கே என்று கேட்டவர்களிடம் "சந்தாபுராவுல, மகன் வீட்டுல" என்றேன். அப்புறம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக, தெருவுக்குத் தெரிந்தவரை அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஆனால் மொட்டை மாடிக் கொடியில் தினமும் வரிசையாக பெட்ஷீட் தொங்கியது.

டயப்பர் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டோம். இடுப்பில் தோல் வெந்துபோனது. முதுகை ஈரமில்லாமல், அழுக்கில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், புண் வந்தால் எலும்புவரை போகும் என்று டாக்டர் சொன்னார். ஈரமில்லாமல் வைக்கத் துணி மாற்ற வேண்டும். மாற்றிய துணியைத் துவைக்க வேண்டும். அவருக்கு உடம்பு துடைத்து விட வேண்டும். இதில் எதை வாரத்தில் இரண்டு தடவையாகக் குறைப்பது?

நான் தண்ணீரை வீணாக்கினேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகட்டும். இன்று கடைசியாக அலசிய தண்ணீரில்தான் நாளைக்கு முதல் அலசல். அரிசி கழுவிய தண்ணீர் கக்கூஸுக்கு. நான் குளித்தது எப்போதோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் ஈரத் துண்டுதான். கார்மெண்ட்ஸில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் நான். ஒரு துண்டுத் துணிகூட வீணாகாமல் வேலை வாங்கியவளுக்குத் தண்ணீர் மிச்சம் பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒரு நாள் காம்பவுண்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. என் கொடி. என் பெட்ஷீட்டுகள். போட்டவள் முன்வீட்டுப் பெண். மதுரைப் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவள். கீழே ஒரு வரி: இது ஒரு ஆள் இருக்கிற வீடா, இல்லை பி.ஜி.யா?

பெங்களூரில் பி.ஜி. என்றால் தெரியாதவர் இல்லை. ஒரு அறைக்குள் கட்டில்களை அடுக்கி, வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு மாத வாடகைக்கு விடுவது. அந்த வருஷம் தண்ணீர் போனதெல்லாம் பி.ஜி.க்களால்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. இப்போது என் தலையிலும் ஒரு பி.ஜி.யைக் கட்டிவிட்டார்கள். நான் பின்னறையில் பிள்ளைகளை ஒளித்துவைத்து வாடகை வாங்குகிறேனாம்.

எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "என் துணி, என் கொடி. உன் கண்ண உன் வீட்டுக்குள்ள வெச்சுக்கோ."

சாயங்காலமே செக்ரெட்டரியும் அந்தப் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். நான் கதவைப் பாதி திறந்து நடுவில் நின்றுகொண்டேன்.

"ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் அவள். "நாங்க தலைக்குக் குளிக்கவே யோசிக்கிறோம். நீங்க ஒரு ஆளுக்கு இத்தனை பெட்ஷீட் தொவைக்கிறீங்க."

"எனக்கு ராத்திரியில வேர்க்குது."

"அவ்வளவு வேர்வையா?"

"உனக்கு என் வயசு வரட்டும். அப்புறம் சொல்லு."

செக்ரெட்டரி தொண்டையைச் செருமினார். "இங்க பாரும்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது மனுஷ குணம். உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டா பிரச்சினை தீந்துச்சு. பிள்ளைங்க யாரும் தங்கலன்னா நாங்களே சாரி சொல்லிடறோம்."

"உங்க வீட்டு பெட்ரூம நான் வந்து பாக்கட்டுமா சார்?"

"அது வேற விஷயம்."

"அதேதான் விஷயம்."

கதவைச் சாத்தினேன். பின்னறையில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள் மோட்டர் போடப் போனேன். என் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். தண்ணீர் வாரியத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறார்களாம். ஆள் வந்து பார்த்துப் போகிறவரைக்கும் பூட்டு இருக்குமாம். மெஜாரிட்டி முடிவு என்றார் செக்ரெட்டரி. மூன்று வீடு சேர்ந்து ஒரு வீட்டின் தண்ணீரைப் பூட்டினால் அதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது.

மாடித் தொட்டியில் இருந்தது தீர்ந்தது. சர்ச் வாட்ச்மேனைக் கெஞ்சி அங்கிருந்து குடத்தில் கொஞ்சம் கொண்டுவந்தேன். அது அவரைத் துடைக்கவே பற்றவில்லை. மாற்றிய பெட்ஷீட்டெல்லாம் பெரிய பிளாஸ்டிக் டப்பில் சேர்ந்தது. சித்திரை வெயிலில் வீடு நாறியது. அவரைப் புரட்டிப் பார்த்தபோது இடுப்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன். சிவப்பு போகவில்லை.

"நான் சொல்லிடப் போறேன்," என்றேன்.

"வேணாம்."

"முதுகு சிவந்திருக்குங்க."

"வேணாம்."

"உங்க மானம் பெருசா, முதுகு பெருசா?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரால் தானாகத் திருப்ப முடிந்தது அந்த முகம் ஒன்றைத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலேயும்தான். மானம் அவருடையது, சரி. ஆனால் அந்த மானத்தைத் தினமும் கசக்கிப் பிழிந்து கொடியில் போடுகிறவள் நான். அதில் எனக்கும் ஒரு சொல் இருக்கிறது.

வாரியத்து ஆள் ஒரு முற்பகலில் வந்தார். கன்னடக்காரர், கையில் ஹெல்மெட், வெயிலில் வந்த களைப்பு. பின்னாலேயே செக்ரெட்டரி. அவர் பின்னால் முன்வீட்டுப் பெண். வீட்டிலிருந்து வேலை போலிருக்கிறது, காதில் அந்த வெள்ளைக் குமிழ் இருந்தது.

"அம்மா, இங்க பி.ஜி. நடத்துறதா கம்ப்ளைண்ட். எத்தனை பேர் தங்கியிருக்காங்க?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"ஒருத்தர்," என்றேன்.

செக்ரெட்டரியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார், அவங்க வாயாலயே வருது."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. வேணாம் என்கிற சத்தம். வெளியே நின்றவர்களுக்கு அது வார்த்தையாகக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் கதவை முழுக்கத் திறந்தேன்.

"வாங்க. எல்லாரும் வாங்க. வாடகைக்கு இருக்கிறவரப் பாருங்க."

பின்னறை வாசல்வரை வந்தார்கள். அவர் நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூடுவதற்குள் பார்த்துவிட்டார்கள்.

வாரியத்து ஆள் காலணியோடு வந்ததற்கு வெட்கப்பட்டவர் மாதிரி ஓர் அடி பின்னால் போனார். செக்ரெட்டரியைத் திரும்பிப் பார்த்து, "ஏனு சார் இது?" என்று மட்டும் கேட்டார். கன்னடம் தெரியாதவனுக்கும் அந்தக் கேள்வி புரியும்.

"மாஸ்டர்..." என்றார் செக்ரெட்டரி. போர்வை அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "சந்தாபுராவுலன்னு சொன்னியேம்மா. சொல்லியிருந்தா நாங்க... டயப்பர் எல்லாம் இப்ப நல்லா வருதே?"

"உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தரேன். இந்த வெயில்ல ஒரு வாரம் கட்டிக்கிட்டுப் படுத்துப் பாருங்க."

வாரியத்து ஆள் இங்கே பி.ஜி. எதுவும் இல்லை, வீட்டு உபயோகம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சம்ப் தகராறு உங்கள் காம்பவுண்டு விஷயம் என்றார். போகும்போது செருப்பில்லாமல் நின்ற என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். அது போதும். அவரிடம் எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

செக்ரெட்டரியின் முன்னால் கையை நீட்டினேன். "சாவி."

"சாயங்காலம் ஒரு மீட்டிங் போட்டு எல்லாருமாப் பேசி..."

"இப்போ."

"எல்லாரோட சம்மதமும் வேணும்மா, நான் ஒருத்தனா எப்படி..."

உள்ளே போய் அந்த டப்பை இழுத்துக்கொண்டு வந்தேன். மூடி இல்லை. முன்வீட்டுப் பெண் மூக்கைப் பொத்தினாள். காம்பவுண்டுக்குக் குறுக்கே இழுத்துப்போய் செக்ரெட்டரி வீட்டுப் படியில் வைத்தேன். துளசிச் செடி மாதிரி அழகாக நடுவில் வைத்தேன்.

"தண்ணி உங்க கிட்டதானே இருக்கு? நீங்களே தொவச்சுக் குடுங்க."

சாவியை எடுத்து நீட்டினார். அது அவர் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. இவ்வளவு நேரமும் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மீட்டிங் பேசியிருக்கிறார்.

அன்றைக்கே குரூப்பில் கும்பிடும் கை பொம்மைகள் வந்து குவிந்தன. மனிதாபிமான அடிப்படையில் எங்கள் வீட்டுக்குக் கூடுதல் மோட்டர் நேரம் அனுமதிக்கப்படுகிறதாம். எழுதியவர் செக்ரெட்டரி. நான் மறுபடியும் வாய்ஸ் போட்டேன். "எனக்கு யாரும் அனுமதி குடுக்க வேணாம். குடிக்க, சமைக்கத் தண்ணி வேணும்னு யாராவது உங்க கிட்ட அனுமதி கேக்குறாங்களா? இதுவும் அப்படித்தான்."

அப்புறம் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக. ஜெபம் பண்ண வந்தார்கள். அவர் கைக்குப் பயந்து ஓடியவர்கள் இப்போது அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் போர்வை முகத்துக்குப் போனது. நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பார்க்க வர வேண்டாம், தண்ணீர் வந்தால் போதும் என்றேன். திமிர் பிடித்தவள் என்று பேசினார்களாம். பேசட்டும். முன்வீட்டுப் பெண் மட்டும் வாசலுக்கு வராமல், தன் மோட்டர் நேரத்தில் எனக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாக மெசேஜ் போட்டாள். எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. அந்தப் போட்டோவை அவள் இன்னும் குரூப்பிலிருந்து அழிக்கவில்லை.

அவர்தான் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு ஊட்டினால் வாயைத் திறந்தார். புரட்டினால் புரண்டார். கேட்டதற்குப் பதில் இல்லை. நான் அவர் சொல்லை மீறிக் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்த தெருவில் இப்போது அவர் மூத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அது எனக்குத் தெரியாதா?

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் கேட்க மாட்டேன். அந்தக் கதவை இன்னொரு தடவை திறக்க வேண்டி வந்தால் இதைவிட அகலமாகத் திறப்பேன். "பேசாட்டி போங்க. முதுகு காயட்டும், அப்புறம் என் மேல கோவப்படுங்க," என்று அவர் காதுக்குள் சொன்னேன். சிவந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, தோல் நிறத்துக்கு வந்தது. கண்ணாடி வைத்துக் காட்டினேன். பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு நாள் காலை, ரப்பர் ஷீட் விரித்து, பக்கெட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டு, அவர் முதுகில் முதல் சொம்பை ஊற்றினேன். தோள் சட்டென்று சுருங்கியது.

"சூடு," என்றார். கோணிய வாயில் ஸ்கூல் மைதானத்துக் கோபம் இருந்தது. "அறிவில்ல? பாத்து ஊத்து."

பாத்ரூம் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் விளாவி, அடுத்த சொம்பை எடுத்தேன்.