ஒரு கைப்பிடி கோதுமை மாவு

ரத்தினபாய்க்கு வாய்க்கொழுப்பு, அதான் பொண்ணு இப்படி ஆயிடுச்சுன்னு இன்னைக்கும் சொல்றவங்க இருக்காங்க. அவங்க வாயில என் மில்லு மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டணும் போல ஆத்திரம் வருது. இதைச் சொல்ல நான் யாருன்னு கேப்பீங்க. கிழக்குத் தாம்பரத்துல சேலையூர் போற ரோட்ல மாவு மில் வச்சிருக்கிற துளசிங்கத்தோட பொண்டாட்டி, சாமுண்டீஸ்வரி. ரத்தினபாய் சர்ச்சுக்குப் போறவ, நான் கோயிலுக்குப் போறவ. ஆனா அவ வீட்டு மாவு வருஷக்கணக்கா என் கையால அரைச்சது. எனக்கு இல்லாத பாத்தியதை யாருக்கு இருக்கு?

எண்பத்தஞ்சு, எண்பத்தாறு இருக்கும். காலையில நாங்க ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே ஒரு அம்மா தூக்குப் பையோட நின்னுக்கிட்டிருந்தா. காட்டன் புடவை, தோள்ல ஆபீஸ் பை. ரயில்வேல கிளார்க், எட்டு மணிக்குள்ள வண்டி பிடிக்கணும். "முதல்ல எனக்கு அரைச்சுக் குடுங்க. நேத்து கடைசியா கோதுமை அரைச்சிருந்தா, கல்லைக் கழட்டித் துடைச்சிட்டு அரைங்க"ன்னா.

எங்க வீட்டுக்காரருக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. "இன்னாம்மா, கோதுமை மேல உனக்கு இன்னா கோவம்? மொளகா அரைச்சிருந்தா துடைக்கச் சொல்லுவாங்கோ, நாயம் கீது. கோதுமைக்கு எவனாச்சும் கல்லைக் கழட்டுவானா?"

"என் பொண்ணுக்கு அது விஷம்ண்ணா"ன்னா ரத்தினபாய். சொல்லும்போதே குரல் உடைஞ்சுது. நான் வீட்டுக்காரரை ஒரு முறை முறைச்சேன். அவர் ஸ்பேனரை எடுத்துட்டாரு.

அன்னைக்கு ஆரம்பிச்ச பழக்கம். அவ பொண்ணு பேரு ஞானஜோதி, நாங்க ஜோதின்னு கூப்பிடுவோம். மூணு வயசுலேர்ந்து அந்தப் புள்ளைக்கு வயித்தால போகும், நிக்கவே நிக்காது. வயிறு மட்டும் முன்னால தள்ளிக்கிட்டு, கையும் காலும் குச்சி. நம்ம ஊர்ல உடம்பு சரியில்லாத புள்ளைக்கு என்ன குடுப்போம்? ரொட்டி வாங்கிப் பால்ல தோய்ச்சு ஊட்டுவோம். பாக்க வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட்டோட வருவாங்க. ஜோதியோட அத்தை சாராள், அதாவது ரத்தினபாய் புருஷனோட அக்கா, வாரம் தவறாம ரொட்டியும் ரஸ்க்கும் கொண்டாந்து பக்கத்துல உக்காந்து ஊட்டிவிடும். புள்ளைக்கு மோசமாகும். மோசமானா இன்னும் கொஞ்சம் ரொட்டி. என்ன கொடுமைன்னு பாருங்க, ஆசையா ஊட்டி ஊட்டியே அந்தக் குழந்தையை சாவு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாங்க.

கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில குடலைச் சோதிச்சுப் பாத்த டாக்டர்தான் சொன்னாரு, கோதுமையில இருக்கிற ஒரு சத்து இவ குடலை அரிக்குது, இனி ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் நாக்குல படக்கூடாதுன்னு. அரிசி சாப்பிடலாம், கேழ்வரகு சாப்பிடலாம், கம்பு சாப்பிடலாம். நிறுத்தின ஒரே மாசத்துல புள்ளை கன்னம் வச்சுது. ரத்தினபாய் கடைப் பெருங்காயத்தைக்கூட வீட்டை விட்டு ஒழிச்சா. அதுலயும் மாவு கலப்பாங்களாம், மில்லுக்காரி எனக்கே அது தெரியாது.

சாராளுக்கு மட்டும் இது கடைசி வரைக்கும் ஏறல. ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்த பொம்பளை. "கோதுமை ஒத்துக்காத மனுஷன் உலகத்துல உண்டா? இந்தக் காலத்து டாக்டருங்க ஆளுக்கு ஒரு பேரு வைக்கிறாங்க"ன்னு சொல்லும்.

சோறு சாப்பிடுற ஊர்ல ரொட்டி இல்லாட்டி குடியா முழுகிடும்? முழுகாது. நானும் அதைத்தான் சொன்னேன். "இல்லக்கா"ன்னா ரத்தினபாய். "பர்த்டேன்னா கேக்கு, கிறிஸ்துமஸ்னா கேக்கு, சண்டே ஸ்கூல் விட்டா பன்னு. எல்லாப் புள்ளைங்களும் கை நீட்டும்போது இவ கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறா. அதை என்னால பாக்க முடியல."

அதுக்காக ரொட்டி சுட ஆரம்பிச்சா பாருங்க, அப்பப்பா! கேழ்வரகையும் கம்பையும் ஊற வச்சு, ஈரத் துணியில கட்டித் தொங்கவிடுவா. முளை வெள்ளையா எட்டிப் பாத்ததும் நிழல்ல உலர்த்தி, லேசா வறுத்து எங்கிட்ட கொண்டாருவா. முளை கட்டினா ஒரு தித்திப்பு வருது, புள்ளை வயித்துக்கும் சுளுவா இருக்குன்னுவா. மூடியில கண்ணாடி வச்ச வட்ட ஓவன் ஒண்ணு வாங்கினா. முதல்ல வந்தது எல்லாம் செங்கல். எங்க வீட்டுக்காரர் ஒண்ணை வாங்கிப் பாத்துட்டு, "இத்த வச்சு காம்பவுண்டு கட்டலாம்மா"ன்னாரு. கோதுமை மாவுன்னா பிசையப் பிசைய இழுத்துக்கிட்டு நிக்கும், பிடிப்பு இருக்கும். கேழ்வரகுக்கு ஏது பிடிப்பு? கத்தி பட்டதும் பொலபொலன்னு உதிர்ந்துடும். ஜவ்வரிசியைக் கூழா காய்ச்சி ஊத்தினா, உருளைக்கிழங்கை மசிச்சுச் சேர்த்தா. கடைசியில ஒரு மாதிரி கறுப்பா, பஞ்சு இல்லேன்னாலும் ரொட்டின்னு நம்பும்படியா ஒண்ணு வந்துச்சு. அப்பவும் சாப்பிட்டா மடியெல்லாம் தூள்தான்.

ஜோதி அந்தத் துண்டுல வெண்ணெய் தடவிக்கிட்டு எங்க மில்லுக்கே ஓடியாந்தா. "ஆன்ட்டி, என் ரொட்டி!"ன்னா. கண்ணு பட்டுடப்போகுதுன்னு நான் திரும்பிக்கிட்டேன். அந்தப் புள்ளை அப்படிச் சிரிச்சு அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல.

இப்படியே நல்லாத்தான் போச்சு, பொண்ணுக்குப் பதினாறு ஆகுற வரைக்கும். அந்த வயசுல அவங்க சர்ச்சுல ஒரு சடங்கு. வெள்ளைப் புடவை கட்டி, முட்டி போட்டு, முதல் தடவையா அப்பமும் திராட்சை ரசமும் வாங்கணும். அந்த அப்பம் கோதுமை. ரசம் மட்டும் வாங்கிக்கட்டும்னு ரத்தினபாய் சொல்லிப் பாத்தா. ஜோதி அழுதுட்டா. "அம்மா, சாமி பந்தியிலகூட நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணுமா?"ன்னு கேட்டுட்டா. அதுக்கப்புறம் எந்தத் தாய் சும்மா இருப்பா? பாஸ்டர்கிட்ட போய் நின்னா. அவர் நல்ல மனுஷன், கேழ்வரகு அப்பமே இருக்கட்டும், தனித் தட்டுல வச்சுத் தர்றேன்னுட்டாரு.

அங்கதான் வந்தது வினை. அந்த சர்ச்சுல ஒரு வழக்கம் உண்டு. அப்பம் கண்டவங்க வீட்டு அடுப்புல வேகக்கூடாது. அதுக்குன்னு ஒருத்தர், சனிக்கிழமை ஜெபம் பண்ணிக்கிட்டே பிசைஞ்சு சுடணும். அந்த ஒருத்தர் யாரு? நம்ம சாராள்தான், ரொம்ப வருஷமா. கமிட்டிக்காரங்க, எந்த மாவா வேணா இருக்கட்டும், சுடுறது சாராள் டீச்சர்தான்னு முடிச்சுட்டாங்க. ரத்தினபாய் மாவை நீட்டிட்டு, ஒண்ணுக்கு நாலு தடவை சொன்னா. புதுப் பாத்திரம், தனிக் கரண்டி, ஜவ்வரிசிக் கூழு இவ்வளவு, தணல் இவ்வளவு. "கோதுமை மாவு பட்ட கையைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிக்கோங்க அண்ணி"ன்னா. "எனக்குச் சொல்லித் தர்றியா?"ன்னு சாராள் சிரிச்சுது.

ஞாயித்துக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தா. முன் வரிசையில அவ பக்கத்துல உக்காந்தேன். ஜோதி வெள்ளைப் புடவையில, தலையில முக்காடு போட்டுக்கிட்டு, மத்த புள்ளைங்களோட வரிசையா முட்டி போட்டிருந்தா. பாஸ்டர் தனித் தட்டிலேர்ந்து கறுப்பு அப்பத்தை எடுத்துப் பிட்டாரு. உதிரல. ஒரு தூள்கூட கீழ விழல. பிட்ட இடம் மெல்ல இழுத்துக்கிட்டு வந்துச்சு.

எனக்குப் புரிஞ்சப்போ ரத்தினபாய் எழுந்துட்டா. ஜோதி வாயில அது போயாச்சு.

"ஜோதி! முழுங்காதடி! துப்பு! துப்புடி!"

சர்ச்சே ஆடிப்போச்சு. சாமி அப்பத்தைத் துப்பச் சொல்றான்னா சும்மாவா? பின்னால யாரோ "ஐயையோ"ன்னாங்க. ஜோதி திரும்பி அம்மாவைப் பாத்தா. பாஸ்டரைப் பாத்தா. பக்கத்துல வாயைப் பொத்திக்கிட்டு இருந்த புள்ளைங்களைப் பாத்தா. மூஞ்சி சிவந்துடுச்சு. அப்படியே எங்களைப் பாத்துக்கிட்டே முழுங்கிட்டா.

அன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சுது. வாந்தி, வயித்தால, தலை நிக்காம சுத்தல். அத்தனை வருஷம் தொடாத ஒண்ணு உள்ள போனா குடல் என்ன பண்ணும்? குரோம்பேட்டையில ஒரு நர்சிங் ஹோம்ல சேர்த்து டிரிப்ஸ் ஏத்தினாங்க. பாக்க வந்த சர்ச் பொம்பளைங்க கையில என்ன தெரியுமா? ரொட்டிப் பாக்கெட்டு! எல்லாத்தையும் வாங்கி வராந்தா நாய்க்குப் போட்டேன்.

அதோட விட்டாங்களா? அவங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்காம். தகுதியில்லாம, பாவத்தை மறைச்சுக்கிட்டு அப்பம் வாங்கினா வியாதி வரும்னு. கட்டிலைச் சுத்தி நின்னு ஜெபம் பண்றோம்னு அந்தப் பொண்ணு காதுல ஓதினாங்க. "ஏதாவது இருந்தா சொல்லிடும்மா. டியூஷன்ல எந்தப் பையனாவது? ஆண்டவருக்குத் தெரியாததா?"ன்னு. பாவி முண்டைங்க. டிரிப்ஸ் ஊசி குத்தின கையை வச்சுக்கிட்டு அது மலங்க மலங்க முழிச்சுது.

ரத்தினபாய் நேரா சாராள் வீட்டுக்குப் போனா, நானும் கூடப் போனேன். ரத்தினபாய் புருஷன் ஜீவரத்தினமும் வந்தாரு, மறைமலை நகர்ல ஷிப்டு முடிச்சு யூனிபார்மோட.

"அண்ணி, அதுல என்ன போட்டீங்க?"

சாராள் மறைக்கல. அதைச் சொல்லணும். "ஒரு கைப்பிடி. ஒரே ஒரு கைப்பிடி கோதுமை மாவு"ன்னுச்சு. "நீ சொன்ன மாதிரிதான் முதல்ல சுட்டேன். தொட்டா உதிருது. ஆண்டவரோட சரீரம், பீடத்துல பொடிப்பொடியா சிந்தி கால்ல மிதிபட்டா, அந்தப் பாவம் யாருக்கு? பிடிப்புக்காகத்தான் போட்டேன். முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் போட்டேன்."

"அப்போ இதை வர்ற ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சொல்லிடுங்க. என் பொண்ணு மேல பழி விழுது. மாவுனால வந்ததுன்னு சொல்லிடுங்க."

சாராள் முந்தானையை இழுத்துத் தலையில போட்டுக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சு: "மாவுனாலன்னு நான் எப்படிச் சொல்லுவேன் ரத்தினம்? அது மாவு இல்ல. பாஸ்டர் ஆசீர்வதிச்சாச்சு. ஆசீர்வதிச்ச அப்பம் யாருக்கும் கெடுதல் பண்ணாது."

"அப்போ என் பொண்ணுக்கு ஏன் இப்படி ஆச்சு?"

"அதை அவளைத்தான் கேக்கணும்."

நான் பாஞ்சிருப்பேன். ரத்தினபாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஜீவரத்தினம், "அக்கா வேணும்னா பண்ணுச்சு? விடு, பெரிசு பண்ணாதே"ன்னாரு. நல்ல ஆம்பளை! பெத்த பொண்ணு அங்க சுருண்டு கிடக்கு, இவருக்கு அக்கா மனசு கோணக்கூடாது. ரத்தினபாய் அதுக்கப்புறம் தானே சர்ச்சுல எழுந்து சொன்னா. யாரு நம்புவா? அப்பத்தைத் துப்பச் சொன்னவ வாயி அது. சாராள் குனிஞ்ச தலை நிமிரல. பத்து பேர் பாக்க பாக்க அது அழுதுச்சு, அதையும் பக்தின்னுட்டாங்க.

ஊர் நம்பாட்டி போகட்டும். பெத்த பொண்ணே நம்பல பாருங்க, அதுதான் என்னை இன்னைக்கும் அறுக்குது. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த புள்ளைகிட்ட நானே உக்காந்து சொன்னேன், உங்க அத்தை கோதுமை கலந்துட்டாங்கம்மா, என் காதால கேட்டேன்னு. "அத்தை ஜெபம் பண்ணிட்டுத்தானே போட்டாங்க"ன்னா. அம்மா சுட்ட ரொட்டியைத் தட்டுல அப்படியே வச்சிருந்தா. நான் என்ன பாவம் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு, ஸ்கூல்ல எப்பவோ பொய் சொன்னது, அம்மாகிட்ட கத்தினதுன்னு ஒண்ணொண்ணா எனக்கே சொல்லிக் காட்டினா. இதெல்லாம் ஒரு பாவமா? கேட்டா சிரிப்பு வரணும், எனக்கு வயிறு எரிஞ்சுது.

உடம்பு தேறினதும் திரும்பவும் சர்ச்சுக்குப் போனா. இப்ப தனித் தட்டு கேக்கல. எல்லாரும் வாங்குற அதே வெள்ளை அப்பம். அவங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவை பந்தி. மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பொண்ணு படுக்கையில விழும். ரத்தினபாய் கெஞ்சினா, அறைஞ்சா, கால்ல விழுந்தா. கதவைப் பூட்டினா, ஜோதி ஜன்னல் வழியா குதிச்சுப் போனா. இப்ப காலேஜ் கடைசி வருஷம், பழையபடி கன்னம் ஒட்டிப்போய், தலைமுடி கொட்டி, ரவிக்கை தோள்ல நிக்கல.

போன மாசம் ஸ்டேஷன்ல பாத்தேன். மேம்பாலப் படியில பாதியிலயே உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தா. எனக்கு வந்த கோவத்துல, "ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா? தெரிஞ்சே விஷத்தைத் திங்கிறியே!"ன்னு கத்திட்டேன். போறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அவ கோச்சுக்கல. என் புடவைத் தலைப்பைப் பிடிச்சு, பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. "ஒரே ஒரு தடவை, அப்பம் வாங்கினதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஆகாம இருந்துட்டா போதும் ஆன்ட்டி"ன்னா. "அவர் என்னை மன்னிச்சுட்டாருன்னு தெரிஞ்சுக்குவேன்."