கொக்கி இல்லாத ஃபேன்

என் மச்சினன் ஃபேன் மெக்கானிக். காயில் கம்பி சுற்றுவதில் கெட்டிக்காரன், என்னைக் கிண்டல் செய்வதில் அதைவிடக் கெட்டிக்காரன். நான் தகரக் கூரைகளில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கிறவன். போன வருஷம் ஒரு கிடங்கின் கூரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி ஏணிப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். அடைக்கிற வேலைக்கு ஆள் கிடைக்கும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிற கண் என்னுடையது. அது மேலே போகாவிட்டால் எனக்குத் தொழிலே இல்லை. சுவரை வெறித்துக்கொண்டு கிடந்தேன்.

மச்சினன்தான் தன் மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளுடைய பொம்மை ட்ரோனை வாங்கி வந்தான். உள்ளங்கை அளவுதான். கூரையைப் பார்க்கக் கேமராவைக் கட்டினால் எழும்பாது, காற்றடித்தால் போன இடம் தெரியாது. அதைப் பிரித்து, உள்ளிருந்த சர்க்யூட் பலகையை மட்டும் எடுத்தான். பழைய திரைச்சீலைக் குழாய்களைக் குறுக்காகப் பிணைத்து முழ நீளத்துக்கு ஒரு சட்டம் செய்து, நடுவில் பலகையையும் அடியில் கேமராவையும் நாலு முனையிலும் பெரிய மோட்டார்களையும் பொருத்தினான். பத்து நாள் கடைக்கு வந்த ஃபேன்களை அவன் தொடவே இல்லை.

முதல் தடவை விட்டபோது அது ஒரு சாண் எழுந்தது, பம்பரமாகச் சுற்றியது, கவிழ்ந்தது. மூன்றாம் தடவை ஒரு குழாயே வளைந்துவிட்டது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணுமில்ல மாமா. பொம்மையைச் செஞ்சவன் ரெண்டு மோட்டார் மட்டும் எதிர்ப்பக்கமா சுத்துற மாதிரி வயர் கொடுத்திருந்தான். பாவம், தெரியாம பண்ணியிருக்கான். நான் நாலையும் ஒரே பக்கமா சுத்த வச்சு, இறக்கையையும் ஒரே மாதிரி போட்டுட்டேன்."

"அடேய், உன் ஃபேனைக் கொக்கியில மாட்டுவே, அதனால உடம்பு சும்மா இருக்கு. இதுக்குக் கொக்கி எங்கேடா? நாலும் ஒரே பக்கம் சுத்தினா உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தத்தானே செய்யும்!"

நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டு மோட்டார்களின் வயர்களைத் திருப்பிக் கொடுத்தான், அவற்றின் இறக்கைகளையும் மாற்றினான்.

நான் விழுந்த அதே கிடங்குக்குப் போனோம். ட்ரோன் ஆடாமல் அசையாமல் எழுந்து கூரைக்கு மேலே போனது. என் போனில் தகரம் தெரிந்தது, துருவேறிய ஆணி தெரிந்தது. தண்ணீர் ஓடும் பள்ளத்தில் என் இடதுகால் செருப்பு கிடந்தது.

"மாமா, உங்க செருப்பு! ஆளை விட்டு எடுக்கச் சொல்லவா?"

"கிடக்கட்டும்டா. நான்தான் மேல போயிட்டேனே, போட்டுக்க வேணாமா?"

"வாயைக் கழுவுங்க மாமா!" என்று கத்தினான். இவன் இல்லாவிட்டால் இன்னும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு கையும் ரிமோட்டில் இருந்ததால் அவனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.