ஞாயிற்றுக்கிழமைக் கப்பலும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் காரமடையில் பிறந்தார். தகப்பனார் சீக்கிரமே தவறிவிட, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நீலகிரி மலைக்கு ஏறினார். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் எடுபிடியாகச் சேர்ந்து, இலை தூளாகும் வரை எல்லாவற்றையும் மேற்பார்க்கும் டீ மேக்கராக உயர்ந்தார். கொழுந்தை முகர்ந்தே எந்தச் சரிவில் பறித்தது என்று சொல்வார். தங்கையான என்னைப் படிக்கவைத்து ஆங்கில ஆசிரியை ஆக்கியதும் அவர்தான்.

தேயிலை விலை விழுந்த வருடங்களில் பேக்டரியை மூடினார்கள். அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. "இப்படியே போனா மனுசன் தேறமாட்டாரு அம்மிணி" என்று அண்ணியார் என்னிடம் அழுதார். எனக்கும் அந்தப் பயம்தான்.

அவரை எழுப்பி உட்கார வைத்தது, தொலைக்காட்சியில் ஞாயிறு காலை வந்த ஒரு பழைய ஆங்கில விண்வெளித் தொடர். அட்டையில் செய்தது போன்ற கப்பல், பளபளக்கும் சட்டை மாட்டிய கேப்டன், தலை நரைத்த இஞ்சினியர். வேலையில்லாமல் இருந்த லைன் வீட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் ஏழெட்டுப் பேர் வந்து அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்காருவார்கள். அண்ணன் தமிழில் கதை சொல்வார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பேக்டரி மெஷின்களின் பெயரோடு சரி. "ட்ரையர் சூடு தாண்டிருச்சு, அதான் பதறறான்" என்பார். கேப்டன் அங்கே யாரிடமோ காதல் பேசிக்கொண்டிருப்பான். பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாத பிறவி நான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வாரம் இஞ்சினியரை ஏதோ பாறைக் கிரகத்தில் விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பியது. இனித் திரும்பி வரமாட்டோம் என்று கேப்டன் தெளிவாகச் சொன்னான். அண்ணனோ, "அடுத்த டிரிப்புல வந்து கூட்டிக்குவாங்க. அவனில்லாம அந்த இஞ்சினை யாரு ஓட்டறது?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாசலுக்கு வந்து, படம் பார்த்துவிட்டுக் கிளம்பிய கொழுந்து பறிக்கும் ராமாயியக்காவை நிறுத்தினேன்.

"அண்ணன் சொன்னது தப்புங்கக்கா. அவனை விட்டுட்டே போயிட்டாங்க."

"தெரியுமுங்க டீச்சர்" என்றார் அவர். "கப்பல் போறதையும் அந்தாளு நின்னு அழுவறதையும் நாங்களும் பார்த்தோமுங்களே. அந்தப் படம் எங்களுக்குப் புடிக்கறதுகூட இல்லீங்க. மேக்கரய்யா வாரம் பூரா வாயே தொறக்கறதில்லைன்னு உங்க அண்ணி சொன்னாங்க. கேக்க ஆளிருந்தாத்தானுங்களே பேசுவாரு? அதான் முறை வெச்சு வந்து உக்காந்துக்கறோம்."

இத்தனை படித்தும் எனக்கு அது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு பேக்டரி வேறு கைக்குப் போய்த் திறந்தது. அண்ணன் வேலைக்குத் திரும்பினார், பெண்ணைக் கட்டிக் கொடுத்தார், பேரனைக் கொஞ்சினார். நோயில் படுத்த கடைசி மாதங்களில்கூட, "அன்னிக்கு நான் கதை சொல்லாட்டி அந்தச் சனம் மனசொடிஞ்சு போயிருக்கும்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். ஆமாங்கண்ணா என்று மட்டும் சொல்லிக் கஞ்சியை ஊட்டுவேன்.

கண்ணுறங்காமல் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், கோவை மருத்துவமனையில் உடனிருந்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஞாயிறுதோறும் முறை வைத்து வந்தவர்களில் பாதிப் பேர் இன்று திருப்பூரில் இருக்கிறீர்கள். அண்ணனின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கும் வந்து சேரும். அந்த வருடங்களில் எங்கள் அண்ணனைச் சாகவிடாமல் வைத்திருந்தவர்கள் நீங்கள். அவருக்குத் தெரியாமல் செய்தீர்கள், அவரும் தெரியாமலேயே போய்விட்டார். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.