ஒன்று முதல் இரண்டு வரை இடைவேளை

மேரி மயங்கி விழுந்தபோது மணி மூன்றே முக்கால். காலை டிபனுக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மாம்பழ நிறப் பட்டுச் சேலை ஒன்று பாதி விரித்தபடி அவள் கையிலேயே இருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய பட்டு ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கடைசியில் முதல் மாடி கல்யாணப் பட்டு செக்‌ஷனுக்குச் சூப்பர்வைசர். என் கீழே பதினான்கு பெண்கள். அவர்களில் மேரி வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்.

முகூர்த்த மாதங்களில் சேலை எடுக்க ஒரு கல்யாண பார்ட்டி உட்கார்ந்தால் நான்கைந்து மணி நேரம் எழாது. சேலை காட்டுகிற பெண் நடுவில் மாறக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. அன்று ஒன்றரைக்கே மேரி என்னிடம் வந்தாள்.

"அக்கா, கையெல்லாம் நடுங்குது. ரெண்டு வாய் சாப்ட்டு வந்துடட்டா?"

மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"பார்ட்டி நல்ல மூடுல இருக்குதும்மா. இப்ப ஆள மாத்துனா எழுந்து போயிக்கினே இருப்பாங்க. முடிச்சிட்டுச் சாப்புடச் சொல்லு" என்றார்.

அதையே மேரியிடம் சொன்னேன். அவள் பார்ட்டியிடம் திரும்பிப் போனாள்.

மற்ற பெண்கள் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாள். கடையிலேயே இருந்த என்னை அந்தப் பார்ட்டியின் மணப்பெண்ணுடைய அம்மா பிடித்துக்கொண்டார். "இன்னும் சாப்புடலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெயிட் பண்ணியிருப்போமேம்மா. நாங்க என்ன ராட்சசிங்களா?"

ரிஜிஸ்டர்

வேலை நேர ரிஜிஸ்டர் எழுதுவது என் பொறுப்பு. எல்லாப் பெயருக்கும் நேரே 'இடைவேளை 1–2' என்று மொத்தமாக எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மேரி விழுந்த நாளுக்கும் அப்படியே எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். பெண் அதிகாரி. யார் புகார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க கையெழுத்தா? எல்லாரும் தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போறாங்களா?"

"கரெக்டா அனுப்பிடுவோம் மேடம்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"அவங்களக் கேட்டேன் சார்."

ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

"இல்ல மேடம். நான் எழுதுனது பொய். சீசன்ல நாலு மணிக்குத்தான் சாப்புடுவாங்க. சில நாள் அதுவும் இல்ல."

அவர் குறித்துக்கொண்டார். பிறகு மேனேஜரிடம் சொன்னார்: "கடையில தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கணும்னா, நடுவுல ஒரு மணி நேரம் ஓய்வு குடுத்தே ஆகணும் சார். கஸ்டமர் உக்காந்திருக்காங்கன்னு அதத் தள்ளிப்போட முடியாது."

நோட்டீஸ் வந்தது. அதன்பின் பன்னிரண்டரைக்கு ஒரு பேட்ச், ஒன்றரைக்கு ஒரு பேட்ச் என்று சாப்பிட அனுப்பினார்கள். பார்ட்டிகள் எழுந்து போய்விடவில்லை. என்னை மட்டும் காரணம் சொல்லாமல் குடோனுக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான்.

ஒருநாள் மேரி குடோனுக்கு வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"உங்கள இங்க போட்டது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்குதுக்கா. ஆனா அன்னிக்கு நீங்க அவரக் கேக்கப் போயிருக்கவே கூடாது. நேரா சாப்புட அனுப்பியிருக்கணும்."

அவள் சொன்னது சரி. சட்டம் ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்திருந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் மேனேஜரிடம் போய் அனுமதியாகக் கேட்டிருக்கிறேன். கேட்டதால்தான் அவரால் இல்லை என்று சொல்ல முடிந்தது.